உள்பக்கத்துப் புள்ளி

மகள் வீட்டுச் சமையலறையில் எந்தப் பாத்திரமும் வைத்த இடத்தில் இருக்காது. காலையில் அலமாரியின் உள்பக்கம் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் சாயங்காலத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து பலகை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் கொட்டகை. கொட்டகைக்குள் குலுக்கி. அது ஓடுகிறவரை வீடே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். மகள் தட்டுகளுக்கு நடுவே பழைய துணியை மடித்து வைத்துப் பழகிவிட்டாள்.

குலுக்கி என்றால் பெரிய விஷயமில்லை. துணி ஊறவைக்கிற அண்டா மாதிரி ஒரு தொட்டி, உள்ளே ரப்பர் பூச்சு, அடியில் சுருள் கம்பிகளும் ஒரு மோட்டாரும். தொட்டி நிறைய முக்கோண முக்கோணமாகப் பீங்கான் கற்கள். பழைய கார்களில் கழற்றிய போல்ட்டு, கீல், பிராக்கெட்டு, மோட்டார் மூடி எல்லாவற்றையும் துருவும் கிரீஸுமாக அதற்குள் போட்டுச் சோப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினால், கல்லும் இரும்பும் ஒன்றை ஒன்று உரசியபடி மாவு பிசைகிற மாதிரி புரண்டுகொண்டே இருக்கும். சாம்பல் நிறத்தில் நுரை பொங்கும். ஒரு பகல் ஓடினால் அழுக்குப் போய்விடும். அதற்கு மேலும் ஓடினால் உலோகமே தேய ஆரம்பிக்கும்.

மகளைப் பெற்ற மாமனாருக்கு அந்த மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது. அவருக்கு எதன் மேலும் கிடையாது, அது வேறு கதை.

அவர் டாக்சி டிரைவர். ஸ்டாண்டில் அவருக்கு மூணுபுள்ளி என்று பேர். சொந்தப் பேர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. முன்னொரு காலத்தில் ஒரு மெக்கானிக் அவர் வண்டியின் நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு செத்த பேட்டரியை வைத்து அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து வண்டியில் கழற்றக்கூடிய ஒவ்வொரு சாமானிலும் ஆணியை வைத்துச் சுத்தியால் தட்டி மூன்று புள்ளி குத்தி வைத்தார். குடை, டார்ச், டீக்கடையில் தனக்கென்று வைத்திருந்த அலுமினிய டம்ளர் எதுவும் தப்பவில்லை.

"ஏம்ப்பா மூணுபுள்ளி, வீட்டம்மாவுக்கும் குத்திட்டியா?" என்பான் ஸ்டாண்டின் தலைவனான மீசைக்காரன்.

"அவளை எவன்டா எடுத்துக்கிட்டு வேற ஒண்ணை வெப்பான்? அவ்வளவு தைரியம் எவனுக்கு இருக்கு?" என்பார் இவர்.

மூன்று புள்ளி ஊருக்குத் தெரிந்த சங்கதி. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வெளியே இருக்கிற புள்ளியைப் பார்த்துவிட்டு எவனாவது அரம் போட்டு அழித்துவிட்டால் என்ன செய்வது? அதனால் ஒவ்வொரு சாமானின் உள்பக்கத்திலும், அரம் நுழையாத இடுக்கில், ஒற்றைப் புள்ளி ஒன்றைக் குத்தி வைத்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை.

இத்தனை காவல் போட்டவரின் வண்டி ஒருநாள் பட்டப்பகலில் முழுசாகக் காணாமல் போனது.

முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். திரும்பி வந்தால் வாசலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவர் அழவில்லை. ஒட்டிய முடியைக்கூடத் தட்டாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். அதற்கு அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஸ்டாண்டில் வண்டிகளைக் கழுவுகிறவன் ஒருவன் இருந்தான். கையில் எப்போதும் ஒரு பச்சை வாளி இருக்கும் என்பதால் அவனுக்கு வாளி என்றே பேர். கழுவுவதற்காக வண்டியை நகர்த்தச் சாவி அவன் கைக்குத்தான் போகும். சாவி கைக்குப் போனால் அச்செடுக்க எவ்வளவு நேரமாகும்? இதுதான் இவர் கணக்கு. வாளியைக் கூட்டிப் போய் ராத்திரி முழுக்க உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்டாண்டு விடவில்லை. சாவியை நம்பிக் கொடுக்கிற இடத்தில் பேர் கெட்டவனுக்கு வேலை இல்லை என்று மீசைக்காரன் அவன் வாளியைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டான். இப்போது அவன் சந்தை வளைவில், பெட்டிக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில், வருகிற சைக்கிளையும் தள்ளுவண்டியையும் கழுவிக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி.

வண்டி போன பிறகு இவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டம்மாதான், "கொஞ்ச நாள் மக வீட்டுல இருந்துட்டு வரலாம் வாங்க" என்று அழைத்து வந்தாள். வந்த இடத்தில் சும்மா உட்கார முடியாமல் குலுக்கியிலிருந்து எடுத்த சாமான்களைப் பிரித்துப் போடுகிற வேலையை எடுத்துக்கொண்டார். மழைக்காலம். கழுவின இரும்பை உடனே துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும். அவர் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, கட்டை விரலால் தடவித் தடவியே எந்த போல்ட்டு எந்த டப்பாவுக்கு என்று பிரித்துவிடுவார்.

"லைட்டைப் போட்டுக்கிட்டுச் செய்யுங்களேன்ப்பா" என்பாள் மகள்.

"போட்டுத்தான் இருக்கு. உங்க வீட்டு பல்பு எல்லாம் மட்டம். உன் புருஷன் ஏமாந்து வாங்கிட்டு வந்திருக்கார்."

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. மாப்பிள்ளை சாமான் கொடுக்க வெளியே போகிறபோது தொட்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, "மாமா, இந்த லோடை மட்டும் நான் வந்து பாத்துக்கறேன். நீங்க தொட வேணாம்" என்றார்.

"ஏன்?"

"இல்ல... அது கொஞ்சம் ஊறணும்."

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். தொட வேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொல்லலாமா? முந்தின நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, இன்னும் என்ன ஊறல்? இருந்தாலும் மாப்பிள்ளை சொன்ன சொல் என்று மத்தியானம் வரை பொறுத்துக்கொண்டார். அப்புறம் குலுக்கியின் சத்தம் மாறியது. சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது கரகரவென்று வறள ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது. வறட்சியாக ஓடினால் கல் இரும்பைத் தின்றுவிடும். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். தார்ப்பாயை விலக்கினார்.

கற்கள் சூடாக இருந்தன. கையை விட்டுத் துழாவினார். முதலில் தட்டுப்பட்டது ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரின் முன்மூடி. வண்டி போன நாளிலிருந்து எந்த ஸ்டார்ட்டர் கையில் பட்டாலும் அவர் கட்டை விரல் தானாக, போல்ட்டு மாட்டுகிற அதன் காதுக்குக் கீழே, மூன்று புள்ளி குத்தின இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும். இப்போதும் போனது. சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. புள்ளி இல்லை. பெருமூச்சு விட்டுப் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, சுண்டு விரலை உள்பக்கம் விட்டு, கல் எதுவும் புக முடியாத அந்த மூலையைத் தடவினார்.

ஒற்றைப் புள்ளி. குத்தின அன்றைக்கு இருந்த கூர்மையோடு இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் சாக்கு விரித்து வைத்தார். வைப்பர் மோட்டாரின் மூடி. கதவுக் கீல். எஞ்சின் பிராக்கெட்டு. எல்லாவற்றுக்கும் வெளியே வழவழப்பு, உள்ளே ஒரு புள்ளி. துணியால் துடைத்தார். எண்ணெய் தடவினார். வேலையை வேலையாகச் செய்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குலுக்கி நின்றதும் வீட்டுக்குள் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. அந்த அமைதிதான் வீட்டம்மாவைக் கொட்டகைக்கு இழுத்து வந்தது. சாக்கில் கிடந்ததைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே மகள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையும் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. வந்து இப்படி உக்காருங்க" என்றார் இவர், மரியாதை துளி குறையாமல். "இது யாரு வண்டி?"

"மாமா..."

"யாரு வண்டின்னு கேட்டேன்."

"பழைய சாமான் கடையில வாங்கினது மாமா."

"அப்படியா? நான் ஸ்டேஷனுக்குப் போறேன். அந்தக் கடைக்காரனையும் கூப்பிட்டு விசாரிக்கட்டும்." எழுந்து சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை. "மகளைக் கட்டிக் கொடுத்தேன். கூடவே வண்டியையும் சீதனமா எழுதிட்டேன்னு நினைச்சீங்களா? கேட்டிருந்தா மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பேனே. திருடித் திங்கிற குடும்பத்துலயா என் பொண்ணைத் தள்ளிட்டேன்?"

"அப்பா, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. உனக்குத் தெரியாம இது நடந்திருக்காது. உன் வீட்டு டம்ளர் நகர்ந்தாலே உனக்குத் தெரியும்."

"சாவியை நான்தான் குடுத்தேன்."

சொன்னது வீட்டம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் அவருக்குக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். அதனால் மறுபடியும் சொன்னாள்.

"அரிசி டப்பாவுல இருந்த இன்னொரு சாவி. நான்தான் எடுத்து மாப்பிள்ளைகிட்ட குடுத்தேன். ஜன்னல்ல நின்னு, தெருவுல ஆள் இல்லைன்னு கை காமிச்சதும் நான்தான்."

"ஏண்டி?" ஒரே சொல்தான் வந்தது.

"உங்களுக்குக் கண்ணு தெரியலைங்க."

"எனக்கா? எனக்கா கண்ணு தெரியல? இந்தப் புள்ளியைக் கண்டுபிடிச்சது யாரு?"

"விரலு."

அவர் விரலை மடக்கிக்கொண்டார். நேராகப் பார்க்கிற இடத்தில் சில காலமாகவே ஒரு அழுக்குத் துணி தொங்குகிறது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும், எதைப் பார்க்க வேண்டுமோ அது தெரியாது. அதற்குத்தான் முகத்தைச் சாய்ப்பது. இது தனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனை தடவை சொன்னேன்? கண்ணு டாக்டர்கிட்ட போவோம்னா, அவன் கண்ணாடிக் கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்குறவன்னு சொன்னீங்க. மக சொன்னா, புருஷன் சொல்லிக் குடுத்ததைப் பேசுறான்னு சொன்னீங்க. நீங்க யாரு சொல்லி எதைக் கேட்டிருக்கீங்க?"

"இத்தனை வருஷத்துல ஒரு விபத்து உண்டாடி? ஒண்ணு சொல்லு."

"அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளை?"

"அது குறுக்க குதிச்சுது. நான் பிரேக் போட்டதால பொழைச்சுது."

வீட்டம்மா சாக்குக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். "அது குதிக்கலைங்க. ஓரமா நின்னுட்டு இருந்துச்சு. நம்ம வண்டியைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு, நாம நிறுத்துவோம்னு. கண்ணாடியில அதோட பை மாட்டி அதையும் சேத்து இழுத்துச்சு. நான் கத்தின பிறகுதான் நீங்க பிரேக்கையே போட்டீங்க. பையோட வார் அறுந்ததால பொழைச்சுது. நீங்க இறங்கிப் போயி, கண்ணு தெரியலையா உனக்குன்னு அதையே திட்டினீங்க. அது உங்க மூஞ்சியப் பாத்து அழுதுச்சு. அது அழுததுகூட உங்களுக்குத் தெரியல. பேசிக்கிட்டே இருந்தீங்க."



மாப்பிள்ளை தலையைத் துவட்டாமலே தரையைப் பார்த்துச் சொன்னார். "வண்டியைப் பிரிக்கணும்னு நினைக்கவே இல்ல மாமா. கொஞ்ச நாள் இங்க மறைச்சு வெச்சுட்டு, உங்களை மெதுவா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, அப்புறமா சொல்லிடலாம்னுதான் அத்தை சொன்னாங்க. நீங்க முடி வெட்டின கையோட ஸ்டேஷனுக்குப் போவீங்கன்னு யாருக்குத் தெரியும்? ஊருல ஒருத்தரையும் நம்பாத மனுஷன், போலீஸை மட்டும் நம்பிப் போயிட்டீங்க. முழு வண்டியை எங்க மறைக்கிறது? பயந்துட்டேன். பிரிச்சேன். நீங்க இங்க வந்ததும் இன்னும் பயம். தடவிப் பாத்துருவீங்கன்னுதான் புள்ளி அழியுற வரைக்கும் ஓட விட்டேன். ஒரு சாமானும் விக்கலை. எல்லாம் பரண்ல அடுக்கித்தான் இருக்கு."

"உள்ளயும் ஒண்ணு குத்துவாருன்னு எனக்கே தெரியாதே" என்றாள் வீட்டம்மா. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து அழுகையில் போய் முடிந்தது.

இவர் ஸ்டார்ட்டர் மூடியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் கேட்டார். "வாளி?"

மாப்பிள்ளை வீட்டம்மாவைப் பார்த்தார்.

"அவனை ராத்திரி முழுக்க உக்கார வெச்சாங்களே. அப்பவும் உங்களுக்கு வாய் வரலையா?"

"அவனைச் சொன்னது நீங்க" என்றாள் வீட்டம்மா.

"சொன்னது நான். தெரிஞ்சிருந்தும் வாயை மூடிக்கிட்டு இருந்தது நீ."

"ஆமா" என்றாள். "என்னால சோறு திங்க முடியுதுன்னு நினைச்சீங்களா?"

மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை தோன்றியது. "மாமா, வண்டி எங்கயோ ஊருக்கு வெளிய அநாதையாக் கிடந்துச்சு, கிடைச்சுருச்சுன்னு சொல்லிடலாமே? அவன் பேரும் சுத்தமாயிடும்."

"எப்படி ஆகும்?" அவருக்குக் கோபம் திரும்ப வந்தது. சந்தேகப்படுகிற விஷயத்தில் அவருக்குப் பாடம் எடுக்க ஆள் கிடையாது. "கிடந்துச்சுன்னா, திருடினவன் பயந்து போட்டுட்டுப் போனான்னுதானே அர்த்தம்? நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன். வாளிதான் பயத்துல விட்டுட்டான்னு சாகுற வரைக்கும் சொல்வானுங்க. யாரு எடுத்தாங்கன்னு சொன்னாத்தான் யாரு எடுக்கலைன்னு நம்புவானுங்க."

"அப்ப என் பேரைச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை.

மகள் புருஷனின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இவர் அந்தப் பக்கம் திரும்பினார். மகளின் முகம் இருந்த இடத்தில் அழுக்குத் துணிதான் தெரிந்தது. சட்டையைப் பிடித்திருந்த கை மட்டும் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"மழை விடட்டும்" என்றார். "காலையில போவோம்."

மறுநாள் காலையில் வழக்கம்போலக் காக்கிச் சட்டையைத்தான் போட்டார். வேறு சட்டை போட்டுப் பழக்கமில்லை. வீட்டம்மாவோடு பஸ் ஏறினார். சந்தை வளைவில் இறங்கியதும் ரோட்டைக் கடக்க வேண்டும். எப்போதும் விடுவிடுவென்று இறங்கி, வருகிறவனைத் திட்டிக்கொண்டே கடக்கிற மனிதர், அன்றைக்கு ஓரத்தில் நின்றார். வீட்டம்மா கையைப் பிடித்தாள். உதறவில்லை.

வாளி ஒரு தள்ளுவண்டியின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தான். முன்பெல்லாம் தூரத்தில் வரும்போதே அண்ணே என்பான்.

"ஸ்டாண்டு வரைக்கும் வா" என்றார் இவர்.

"எதுக்கு? இன்னொரு வண்டி காணாமப் போச்சா?"

"வண்டி கிடைச்சிருச்சு. என் வீட்டுலயேதான் இருந்துச்சு. நீ எடுக்கலை."

"நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லவா இவ்வளவு தூரம்?" சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். "எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க சொல்லுங்க. எல்லாரும் கேக்குற மாதிரி."

"அதுக்குத்தான் வான்னு கூப்பிடுறேன்."

வாளி யோசித்தான். கையைக் காலில் துடைத்தான். பச்சை வாளியை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு, நாலு எட்டுப் பின்னால் நடந்து வந்தான்.

ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரம். டிரைவர்கள் டீக்கடைக் கூரைக்குக் கீழே நின்றார்கள். "வாப்பா மூணுபுள்ளி! திருடனைக் கையோட பிடிச்சுட்டு வந்துட்டியா?" என்றான் மீசைக்காரன், வாளியைப் பார்த்துக்கொண்டே.

"வண்டி திருடு போகலை" என்றார் இவர். தன் குரலே குலுக்கி வறண்டு ஓடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. "வீட்டுல எடுத்து மறைச்சு வெச்சிருந்தாங்க. இவன் மேல தப்பில்லை. நான் சொன்னது பொய்."

"வீட்டுலயா? யாரு, மாப்பிள்ளையா? எதுக்கு? வித்துத் திங்கவா?"

யாரோ களுக்கென்று சிரித்தான். அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாளியின் பேர் சுத்தமாகியிருக்கும். இவரும் டிரைவராகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். வண்டியைப் பறிகொடுத்த டிரைவர், மோசம் போன மாமனார். எல்லாரும் உச்சுக் கொட்டி டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

"எனக்குக் கண்ணு போயிருச்சு" என்றார். "ஒரு புள்ளையை இடிச்சு இழுத்தேன். அதுகூட எனக்குத் தெரியல. நான் ஓட்டக் கூடாதுன்னுதான் எடுத்தாங்க. நான் யாரு பேச்சையும் கேக்க மாட்டேன்னு எடுத்தாங்க. போதுமா? இங்கேருந்து ஸ்டேஷனுக்குத்தான் போறேன். அங்கயும் இதையே சொல்லப் போறேன்."

 

"அப்ப என் வண்டியோட பின்விளக்கை உடைச்சது நீதானா?" என்றான் ஒருவன். "நான் பஸ்காரன்கூடல்ல சண்டை போட்டேன்."

"நானாத்தான் இருக்கும்" என்றார்.

"இவர்தான்" என்றான் வாளி. "தெனமும் கழுவினவன் நான். முன்மூலையில ஒவ்வொரு நாளும் புதுசா ஒரு கீறல். எவன் வண்டி பெயிண்ட் ஒட்டியிருக்குன்னு பாத்துத் தேய்ச்சு எடுத்ததும் நான்தான். வயசான மனுஷன், வேலை போயிருமேன்னு வாயைத் திறக்கலை." வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "அதுக்குத்தான் எனக்கு நல்ல மரியாதை பண்ணீங்க."

மீசைக்காரன் மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, நாளையிலேருந்து வந்து வேலையைப் பாரு" என்று வாளியிடம் சொன்னான், ஏதோ தான் தானம் கொடுக்கிற மாதிரி. வாளி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

இவர் கூரையை விட்டு வெளியே வந்தார். அப்போது பெட்டியும் கைக்குழந்தையுமாக ஒரு பெண் அவசர அவசரமாக வந்து, காக்கிச் சட்டையைப் பார்த்து அவரிடமே நின்றாள். "டிரைவரய்யா, வண்டி வருமா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வாய் வழக்கத்தில் ஏறுங்க என்று திறந்தது. மூடிக்கொண்டார்.

"நான் டிரைவர் இல்லம்மா" என்றார். "அதோ, முதல்ல நிக்குது பாருங்க, அதுல போங்க." வரிசையின் முதல் வண்டி நிற்க வேண்டிய இடத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

அந்தப் பெண் அந்தப் பக்கம் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அங்கே ஒரு குப்பைத் தொட்டிதான் இருந்தது.

பின்னாலிருந்து ஈரமான கை ஒன்று அவர் முழங்கையைப் பிடித்தது. நீட்டிய கையை அப்படியே மெல்ல இடது பக்கம் திருப்பி, வண்டி நின்ற இடத்துக்கு நேராக வைத்துவிட்டு விலகியது. வாளியின் கைப்பிடி கிணுக்கென்று ஒலித்தது. அந்தச் சத்தம் சந்தை வளைவுப் பக்கமாகப் போகிறதா, ஸ்டாண்டுப் பக்கமாகப் போகிறதா என்று முகத்தைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். திருப்பி வைத்த கையை அவர் இன்னும் இறக்கவில்லை.